ஒலுவிலுக்கு முன்

1990இல் காக்காவுக்குக் கெம்பஸ் கடிதம் வந்தது. உம்மா சந்தோசப்படவில்லை, அழுதா. கிழக்குப் பல்கலைக்கழகம் இருந்த வந்தாறுமூலைக்குப் போகும் பாதையெங்கும் யுத்தம். வாப்பா விடவில்லை, காக்கா மாவடிப்பள்ளி வயலில் இறங்கினார். கடிதம் அலுமாரிக்குள் கிடந்தது.

அப்போதைய அமைச்சர் அஷ்ரப் பாடுபட்டதால் 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமானது. அடுத்த மே மாதமே முழுப் பல்கலைக்கழகம். பிறகுதான் அது ஒலுவிலுக்கு இடம் மாறியது. யுத்தத்தில் படிப்பை இழந்த பிள்ளைகளுக்காக எழுந்தது அது என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள்.

அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இப்போது பக்கத்துச் சம்மாந்துறையில். காக்காவின் மகள் அங்கே படித்தாள். ஆங்கிலத்தில் விரிவுரை, முதல் வருடம் மிகவும் கஷ்டப்பட்டாள். பட்டம் கிடைத்தும் வேலைக்குக் காத்திருக்கிறாள்.

அட்டாளைச்சேனையில் முதலில் படித்தவர்களே, அந்த நாட்களை எழுதி வையுங்கள்.