4.6 மி.மீ.: ஒரு பழக்கத்தின் வரலாறு

வைட்ஃபீல்டாயினும் ஐதராபாத்தாயினும், மருந்துப் பகுப்பாய்வுக்கூடங்களின் எச்.பி.எல்.சி. கருவிகளில் பொருத்தப்படும் பிரிகைக் குழலின் உள்விட்டம் பெரும்பாலும் 4.6 மி.மீ. இவ்வெண் எந்தக் கோட்பாட்டிலிருந்தும் பிறந்ததன்று. தொழிற்சாலைகளில் புழங்கிய கால் அங்குல வெளிவிட்டமுள்ள எஃகுக் குழாயின் உள்ளளவே அது.

வியப்பு என்னவெனில், இத்துறை குறுகிய குழலிலேயே தொடங்கியது. 1967இல் யேல் பல்கலைக்கழகத்தில் சாபா ஹோர்வாத்தும் அவர்தம் குழுவினரும் நியூக்ளியோடைடுகளைப் பிரித்தது 1 மி.மீ. குழல்களில்தான். அடுத்த பத்தாண்டில் 5 முதல் 10 மைக்ரான் வரையிலான நுண்துளைத் துகள்கள் வந்தன. அவற்றைச் சீராக அடைக்க அகன்ற குழல் எளிதாயிருந்தது. அன்றைய கருவிகளின் இணைப்புக் குழாய்களும் உணர்கலங்களும் அதற்கே பொருந்தின.

கணக்கு எளியது. ஓட்டவீதம் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. 4.6 மி.மீ. குழலில் நிமிடத்திற்கு 1 மி.லி. எனில், 2.1 மி.மீ. குழலில் அதே நேர்கோட்டு வேகத்திற்கு 0.21 மி.லி. போதும். ஒரு நாள் முழுதும் ஓடும் கருவிக்கு 1.44 லிட்டர் கரைப்பான் 0.30 லிட்டராகக் குறையும். அதே அளவு மாதிரியைச் செலுத்தினால் முகட்டின் செறிவு ஏறத்தாழ ஐந்து மடங்காகும். ஆனால் 150 மி.மீ. நீளக் குழலின் கொள்ளளவு 2.5 மி.லி.யிலிருந்து 0.5 மி.லி.யாகச் சுருங்குவதால், குழலுக்கு வெளியேயுள்ள கனஅளவும் சுருங்கியாக வேண்டும். இல்லையேல் முகடுகள் அகன்று, ஆதாயம் கரைந்துபோகும். 1970களின் பிற்பகுதியில் ஸ்காட், குசேரா ஆகியோரும் ஜப்பானில் இஷீயும் மேற்கொண்ட நுண்குழல் முயற்சிகள் அன்றாட ஆய்வுக்கூடங்களில் பரவாமைக்கு இதுவே முதன்மைக் காரணம்.

நிலைமையை மாற்றியவை மூன்று. முதலாவது, ஜான் ஃபென்னுக்கு 2002இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த மின்தெளிப்பு அயனியாக்கம்; நிறை நிறமாலைமானியுடன் இணையும் அம்முறை குறைந்த ஓட்டத்தையே விரும்பும். இரண்டாவது, 2004இல் வாட்டர்ஸ் நிறுவனம் வெளியிட்ட யு.பி.எல்.சி.; 1.7 மைக்ரான் துகள்களிடையே உயரழுத்தத்தில் எழும் உராய்வு வெப்பம் குறுகிய குழலிலிருந்து எளிதில் வெளியேறும். மூன்றாவது, 2008–09இன் அசிட்டோநைட்ரைல் தட்டுப்பாடு. அக்கரைப்பான் அக்ரைலோநைட்ரைல் உற்பத்தியின் துணைவிளைபொருள். வாகனத் தொழில் சரிந்து நெகிழிக்கான தேவை குறைந்தபோது, அதுவும் கிடைக்காமற்போய் விலை பன்மடங்கு ஏறியது. குறுகிய குழலின் சிக்கனம் அப்போதுதான் பலருக்குப் புலப்பட்டது.

இருந்தும் 4.6 நீடிக்கக் காரணம், மருந்து நூல்களில் எழுதப்பட்டுவிட்ட செய்முறைகளே. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க மருந்து நூலின் திருத்தப்பட்ட 621ஆம் அத்தியாயம், சரிவோட்ட முறைகளிலும் வரையறைக்குட்பட்டுக் குழல் அளவை மாற்ற இடமளிக்கிறது. கதவு திறந்தாயிற்று. செய்முறையில் காணும் ஒவ்வோர் எண்ணையும் 'இது வேதியியலா, வழக்கமா?' என வினவுவது இனி மாணவர் கடன்.