ஆவிக் கொள்ளையர் கதைகள்: சிறார் துப்பறியும் இலக்கியத்தின் ஒரு கிளை

கடலில் எப்போதோ செத்துப்போன கொள்ளைக்காரன் ஆவியாகத் திரும்பிவந்துவிட்டான் என்று ஊரே நடுங்கும்போது, நாலைந்து இளசுகள் துணிந்து விசாரிக்கிறார்கள். கடைசியில் முகமூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் ஆளைக் காட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் வேரூன்றிய இந்தக் கதைவகை, 1969இல் வந்த ‘ஸ்கூபி-டூ’ கார்ட்டூன் தொடரோடு பிறந்ததாகவே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே இதற்கு 175 ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை வரிசையாகப் படித்தால் ஒரு மாற்றம் கண்ணில் படுகிறது. தொடக்கத்தில் கொள்ளையர்கள் ஆவிக்குப் பின்னால் ஒளிந்தார்கள். பிற்காலத்தில் பணக்காரர்கள் கொள்ளையனின் ஆவிக்குப் பின்னால் ஒளியத் தொடங்கினார்கள். இந்தக் கிளையின் உண்மையான வளர்ச்சி இதுதான். ஆவி எவ்வளவு பயங்கரமாக இருந்தது என்பது இரண்டாம்பட்சமே.

மூல வடிவம் ஆன் ராட்கிளிஃப் 1794இல் வெளியிட்ட ‘தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ’ நாவலில் இருக்கிறது. பிரான்சின் தென்கரையில் ஒரு மாளிகை. அதில் பேய் உலவுவதாகச் சொல்லப்படும் ஓர் அறை. லுடோவிகோ என்ற பணியாள் வாளும் கையுமாக அங்கே இரவுக் காவல் இருக்கிறான். விடிந்து பார்த்தால் கதவு உள்ளே பூட்டியபடியே இருக்கிறது, ஆளைக் காணோம். வெகுநாள் கழித்துத்தான் விடை கிடைக்கிறது. மாளிகையின் நிலவறைகளில் கடற்கொள்ளையர்கள் சரக்கைப் பதுக்கியிருந்தார்கள். ரகசிய வழியாக அறைக்குள் வந்து அவனைத் தூக்கிப் போய்விட்டார்கள். பேய்க்கதை அவர்களுக்குச் சம்பளம் வாங்காத காவல்காரன். இதையே ஒரு சிறுவனின் கண்ணால் சொன்னது ஜே. மீட் ஃபாக்னர் 1898இல் எழுதிய ‘மூன்ஃப்ளீட்’. இங்கிலாந்தின் டார்செட் கரையில், 1757இல் நடக்கும் கதை. வெள்ளம் வடிந்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போது தரைக்கு அடியில் ஏதோ ஒன்றோடொன்று மோதும் ஓசை கேட்கிறது. கல்லறையில் கிடக்கும் பழைய பிரபு குடும்பத்தார் புரள்கிறார்கள் என்று சனங்கள் பதறுகிறார்கள். பதினைந்து வயது ஜான் டிரெஞ்சர்ட் பின்னால் அந்தக் கல்லறைக்குள் இறங்கிப் பார்க்கிறான். சவப்பெட்டிகளுக்கு நடுவே அடுக்கியிருப்பவை கடத்தல் சாராயப் பீப்பாய்கள். அந்தக் காலத்தில் பிரிட்டனில் தேயிலைக்கும் பிராந்திக்கும் கடும் வரி. 1784இல் தேயிலை வரியை நூற்றுக்கு 119இலிருந்து 12.5ஆகக் குறைக்கும்வரை, கள்ளக்கடத்தல் பல கரையோர ஊர்களுக்கு வருமானமாகவே இருந்தது. எனவே கல்லறைப் பக்கம் போகாதே என்ற எச்சரிக்கைக்கு அங்கே ஒரு விலை இருந்தது.

துப்பறிய ஏன் சிறுவர்கள்? பெரியவர்களில் சிலருக்கு அந்தச் சரக்கில் பங்கு உண்டு, மற்றவர்களுக்கு வாய்மூடி இருப்பதில் நிம்மதி உண்டு. சிறுவர்களுக்கு இரண்டும் இல்லை என்பதே இக்கதைகள் தரும் விடை. 1927இல் வெளிவந்த ஹார்டி சகோதரர் நாவல் வரிசையின் ‘தி ஹவுஸ் ஆன் த க்ளிஃப்’ இதை அமெரிக்கக் கரைக்குக் கொண்டுபோயிற்று: கடலோரக் குன்றின்மேல் பேய்வீடு, அதற்குக் கீழே கடத்தல்காரர்களின் புகலிடம். ராபர்ட் ஆர்தரின் ‘தி சீக்ரெட் ஆஃப் ஸ்கெலிட்டன் ஐலண்ட்’ (1966) ஒரு படி மேலே போயிற்று. பழங்காலக் கொள்ளையனின் தங்கக்காசுகள் அதில் உண்மையாகவே கிடைக்கின்றன. ஆனால் வழக்கின் மையம் இன்றைய கொள்ளைப் பணம். இதுவரை எல்லாவற்றிலும் குற்றவாளி சட்டத்துக்கு வெளியே வாழ்பவன்.

ஜோ ரூபியும் கென் ஸ்பியர்ஸும் ஹன்னா-பார்பெரா நிறுவனத்துக்காக உருவாக்கிய ‘ஸ்கூபி-டூ’வில், 1969 டிசம்பரில் ஒளிபரப்பான ‘கோ அவே கோஸ்ட் ஷிப்’ அத்தியாயம் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. ரெட்பியர்டு என்ற கொள்ளையனின் ஆவிக்கப்பல் பனிமூட்டத்தில் வந்து சரக்குக் கப்பல்களைச் சூறையாடுகிறது. முகமூடியைக் கழற்றினால், உள்ளே இருப்பவர் அந்தக் கப்பல்களின் முதலாளி மேக்னஸ்! தன் சரக்கைத் தானே திருடும் முதலாளியை ராட்கிளிஃபோ ஃபாக்னரோ படைக்கவில்லை. கடல் இதற்குத் தோதான களம். கரைக்கு அப்பால் சாட்சி குறைவு, மூடுபனியில் நடந்ததற்குக் கணக்கு கேட்பதும் கடினம். முதலாளி வில்லனானதை இப்படி வாசிப்பதற்கு ஒரு மறுப்பு உண்டு. கார்ட்டூன்களில் வன்முறை கூடாது என்று 1960களின் இறுதியில் பெற்றோர் அமைப்புகள் போராடியதால்தான் ஆவி பொய்யாகி, வில்லன் ஒரு சாதுவான வியாபாரியானான் என்பார்கள். அந்த நெருக்கடி மெய்தான். மிகவும் பயமுறுத்துகிறது என்று சி.பி.எஸ். தொலைக்காட்சியின் மேலிடம் முதலில் தொடரை மறுத்ததும், அதன்பிறகே ஸ்கூபி-டூ என்ற நாய் நடுநாயகமானதும் தெரிந்த செய்திகளே. ஆனால் அது அடிதடி ஏன் குறைந்தது என்பதற்கு மட்டுமே விடை. முகமூடிக்குள் ஒரு சாதாரணத் திருடனை வைத்திருந்தாலும் அந்த அமைப்புகள் திருப்தி அடைந்திருக்கும். கப்பல் முதலாளியை அங்கே வைத்தது கதாசிரியர்களின் தேர்வு.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: ஆவி நிஜமாகவே வரும் கதைகளை என்ன செய்வது? மாலுமியாக இருந்த வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன் 1909இல் எழுதிய ‘தி கோஸ்ட் பைரேட்ஸ்’ நாவலில் கடலிலிருந்து ஏறிவரும் உருவங்களுக்கு முடிவான விளக்கம் கிடையாது. அங்கே துப்பறிபவரும் இல்லை, லாபம் காண்பவரும் இல்லை. அது தனிச் சாதி, இந்தக் கிளையில் சேராது. ஆனால் 1998இல் வந்த ‘ஸ்கூபி-டூ ஆன் ஸாம்பி ஐலண்ட்’ படத்தை அப்படி ஒதுக்க முடியாது. அதில் மார்கன் மூன்ஸ்கார் என்ற கொள்ளையன் உண்மையாகவே பிணமாய் எழுந்து வருகிறான், கழற்ற முகமூடி இல்லை. என் வாதம் இங்கே உடைவதுபோல் தோன்றலாம். படத்தைக் கடைசிவரை பார்த்தால் நிலைமை வேறு. எழுந்துவந்தவர்கள் பலியானவர்கள், புதிதாக வந்தவர்களைத் தப்பிக்கச் சொல்லி எச்சரிக்கவே வருகிறார்கள். பலிகொள்பவர் விருந்து வைத்து வரவேற்ற தோட்டத்து உரிமையாளர் சிமோன். ஆவி மெய்யான பிறகும் பழி மாளிகைக்காரர்மேலேயே விழுகிறது. 2006இல் வந்த ‘பைரேட்ஸ் அஹாய்!’ என்ற ஸ்கூபி-டூ படம் மறுபடியும் முகமூடிக்கே திரும்பியது. பெர்முடா முக்கோணக் கடலடியில் கிடக்கும் தங்க விண்கல்லுக்காக ஸ்கங்க்பியர்டு என்ற ஆவித்தலைவனாக வேடமிட்டவர் பிஃப் வெலிங்டன் என்ற பெரும் பணக்காரர்.