மஹரகமவிலிருந்து வந்த பிறகு யார் பார்ப்பது?

புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து லயத்துக்குத் திரும்பியவரை "சுகமாகிவிட்டது" என்கிறோம். ஆனால் நோய் திரும்பி வருகிறதா என்று வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். அதைப் பக்கத்தில் பார்க்க ஆளில்லாததற்கு ஒரு வரலாறு உண்டு.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கு முதல் சட்டம் 1872இல் வந்தது. அப்போது மலையில் தேயிலையல்ல, கோப்பி. 1912இல் புதிய சட்டம் வந்தது. தோட்ட டிஸ்பென்சரிகளில் காய்ச்சலும் வயிற்றோட்டமும் காயமும் பார்த்தார்கள். ஆளை மறுபடி வேலைக்கு அனுப்புவதே நோக்கம். ஆண்டுக்கணக்கில் தொடரும் நோய்க்கு அங்கே இடமிருக்கவில்லை.

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. ஆனால் தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1990களில்தான். அதுவும் எல்லாவற்றையும் அல்ல. 1996இல் சுவநாரி கிளினிக்குகள் வந்தன. 35 வயதுப் பெண்களின் மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் சோதிக்கிறார்கள். நோயைக் கண்டுபிடிக்க வழி பிறந்தது. சிகிச்சைக்குப் பிந்திய கவனிப்போ இன்னும் பெரும்பாலும் தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளையே நம்பியிருக்கிறது. ஹட்டனிலிருந்து மஹரகம போய்வர ஒரு நாள் போகும். அன்றைய சம்பளமும் போகும். அதனால்தான் கிளினிக் தவறுகிறது.

நாம் செய்யக்கூடியது இது. கிளினிக் புத்தகத்தைப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியிலும் குடும்பநல மாதுவிடமும் காட்டுவோம். புதுக் கட்டி, கை வீக்கம், ஆறாத வாய்ப்புண், காரணமில்லாத மெலிவு இருந்தால் அடுத்த திகதி வரை காத்திருக்க வேண்டாம். வெற்றிலை, புகையிலை வேண்டாம். பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் சேர்ந்து பஸ் காசுக்கு ஒரு சிறு நிதி வைத்தால், பல பேர் கிளினிக் நாளைத் தவறவிடமாட்டார்கள். இன்ஷா அல்லாஹ், நம் ஊரிலேயே தொடங்குவோம்.