பெயர் வெட்டிய பாத்திரங்கள்

பழைய பொருள்களைக் கொண்டு வீட்டை அழகுபடுத்தும் ஆசை இன்று நடுத்தர வர்க்கத்துப் பெண்களிடையே பரவியிருக்கிறது. வரவேற்பறையின் நடுவே உருளியில் பூக்கள் மிதக்கின்றன. அஞ்சறைப் பெட்டிக்குள் கம்மல்கள் கிடக்கின்றன. மங்குத் தட்டு சுவரில் தொங்குகிறது. வாடகை வீட்டில் வாழ்பவர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. ஆணி அடிக்க வேண்டாம், வண்ணம் பூச வேண்டாம், வீடு மாறும்போது கையோடு கொண்டுபோகலாம். புதுச் சோபா வாங்கும் பணத்தில் ஒரு மர அலமாரியும் நாலைந்து பித்தளைப் பாத்திரங்களும் வாங்கிவிடலாம். விரிவுரையாளர் வேலையின் தொடக்க ஆண்டுகளில், மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவதைக் கொண்டு நானும் என் வீட்டை அப்படித்தான் நிரப்பினேன். காயலாங்கடையிலும் காரைக்குடியிலும் வாங்கிய பொருள்கள் என்னைச் சுற்றி இருக்கின்றன. அவற்றைத் துடைக்கும்போதெல்லாம் எழும் கேள்வி ஒன்றுதான்: இவை யாருடையவை, கடைக்கு எப்படி வந்தன?

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. தேக்குத் தூண்கள், செதுக்கிய நிலைகள், ரசம் போன நிலைக்கண்ணாடிகள், பல்லாங்குழிகள், பெரிய கிடாரங்கள், கைக்குள் அடங்கும் குங்குமச் சிமிழ்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இவற்றின் பின்னால் கடல் தாண்டிய வணிகத்தின் வரலாறு இருக்கிறது. 1930களின் பெருமந்தத்துக்குப் பிறகு, கடன் பட்ட உழவர்கள் இழந்ததால் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது அவர்கள் தப்பி வந்தார்கள். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. வருமானம் நின்றது, வீடுகள் மட்டும் நின்றன. பங்காளிகள் பெருகினார்கள், பழுதுபார்க்கப் பணமில்லை. கடைசியில் தூண்களும் கதவுகளும் கழற்றி விற்கப்பட்டன.

செட்டிநாட்டைப் பற்றிய நூல்களில் இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. இது பெரும்பாலும் ஆண்களின் கதை. கொண்டுவிற்கப் போனவர்கள், சம்பாதித்தவர்கள், கட்டியவர்கள், இழந்தவர்கள். ஆனால் அந்தக் கடைகளில் குவிந்திருக்கும் பொருள்கள் இரண்டு வகை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? தூணும் நிலையும் வீட்டோடு சேர்ந்தவை, தந்தைவழியில் பங்காளிகளுக்கு இறங்கியவை. கிடாரமும் உருளியும் மங்குச் சாமானும் பெண்ணின் சீராக வந்தவை. கடையில் இரண்டையும் ஒரே பெயரால் ‘செட்டிநாட்டு ஆண்டிக்’ என்று விற்கிறார்கள். உடைமையின் வேறுபாடு அந்தப் பெயரில் காணாமல் போய்விடுகிறது.

நகரத்தார் திருமணங்களில் பெண்ணுக்குத் தரும் சாமான்களைக் கூடத்தில் பரப்பி வைப்பது வழக்கம். சமையல் பாத்திரத்திலிருந்து துணிமணி, தடுக்கு, கொட்டான் வரை எல்லாம் எண்ணிக் கணக்கெழுதிக் கொடுக்கப்படும். மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் பெரிய வீட்டுக்குள் தனி அறை உண்டு. மனைவியின் சாமான்கள் அதில்தான் வைத்துப் பூட்டப்படும். ஜப்பானிய மானிடவியலாளர் யூகோ நிஷிமுரா நகரத்தார் பெண்களின் சொத்துரிமை பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். தாயின் சீர் மகளுக்குப் போகும், மகளின் சீர் அவள் மகளுக்குப் போகும். வீடு ஆண்வழியில் இறங்க, பாத்திரம் பெண்வழியில் இறங்கியது.

செட்டிநாட்டுக்கு வெளியே சீரின் அளவு சிறியது, முறை ஒன்றுதான். பாத்திரக் கடை வாசலில் உளியும் சிறு சுத்தியலுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். வாங்கிய பாத்திரத்தை மடியில் வைத்து, புள்ளி புள்ளியாகத் தட்டிப் பெயரை வெட்டிக் கொடுப்பார். பிறகு அந்த இடத்தில் மின்சாரக் கருவி வந்தது. கொடுத்தவர் பெயர், பெற்றவள் பெயர், நாள். நிலப் பட்டாவில் பெயரில்லாத, எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பெண்களின் பெயர் அவர்கள் வாழ்நாளில் எழுதப்பட்ட ஒரே இடம் ஒரு குடத்தின் கழுத்தாக இருந்திருக்கும். தமிழ் ஆய்வாளராகக் கல்வெட்டுகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். கோயில் சுவரில் தானம் கொடுத்த அரசியின் பெயரைத் தேடிப் படியெடுக்கிறோம். சமையலறையில் கிடந்த இந்த எழுத்துகளைப் படியெடுத்தவர்கள் மிகக் குறைவு.

இந்தப் பெயர்களைப் பார்த்து மகிழ்ந்து நிற்பதற்கும் எனக்கு மனம் வரவில்லை. பாத்திரம் பெண்ணுக்குக் கிடைத்ததற்குக் காரணம், நிலம் அவளுக்குக் கிடைக்காததுதான். ‘அவளுக்குத்தான் சீர் செய்து அனுப்பிவிட்டோமே’ என்ற ஒரு வாக்கியம் எத்தனை பங்குகளைத் தின்றிருக்கிறது! 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் ஆணுக்கும் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தந்தது. ஆனால் அந்த நாளுக்கு முன்பே மணமாகிவிட்ட மகளுக்கு அது பொருந்தவில்லை. பாத்திரத்தோடு அனுப்பப்பட்ட ஒரு தலைமுறை முழுவதும் வாசலுக்கு வெளியே நின்றது. 2005இல் வந்த மத்திய அரசின் திருத்தம்தான் மணமான மகள், மணமாகாத மகள் என்ற அந்த வேறுபாட்டை நீக்கியது.

கிடைத்த பாத்திரமாவது முழுக்க அவளுடையதாக இருந்ததா? சட்டப்படி இருந்தது. சீதனம் மனைவியின் முழு உடைமை, கணவன் அதைத் திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றம் ஆகும் என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருமணப் பரிசுகளைப் பட்டியலிட்டுக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டில் வந்தது. நடைமுறையில் அந்தக் கிடாரத்தை விற்கும் பேச்சு வரும்போது கடைக்காரருடன் திண்ணையில் பேரம் பேசியது பெரும்பாலும் வீட்டு ஆண்கள்.

அவளே முடிவெடுத்துப் பயன்படுத்திய ஓர் இடம் இருந்தது. அது அடகுக் கடை. பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, பஞ்ச மாதங்கள் எல்லாவற்றுக்கும் அண்டாவும் குடமும் போய்த் திரும்பின. சில போய்த் திரும்பவில்லை. பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் எடைக்கு விலை உண்டு. நகைக்கு அடுத்த நிலையில் அது பெண்ணின் சேமிப்பு. பிறகு எவர்சில்வர் வந்தது. புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூசுபவருக்காகக் காத்திருக்க வேண்டாம். இடுப்பும் தோளும் நோகத் தேய்த்த பெண்கள் அதை விரும்பி வரவேற்றதில் வியப்பில்லை. பழைய பித்தளையை எடைக்குப் போட்டுப் பளபளக்கும் புதுப் பாத்திரம் வாங்கினார்கள். உடல் உழைப்பு குறைந்தது. ஆனால் எவர்சில்வர் குடத்துக்குப் பித்தளைக் குடத்தைப் போல அடகு மதிப்பு இல்லை. வேலை குறைந்த அதே கணக்கில் அவசரத்துக்கு உதவும் சொத்தும் குறைந்தது. இன்று நம் வரவேற்பறையில் உருளி அழகாகத் தெரிவதற்கு ஒரு காரணம், அதில் யாரும் சமைப்பதில்லை, அதைத் தினம் தேய்க்கும் கை நம்முடையதில்லை என்பது.

‘நம் பாட்டிமார் காலத்துப் பித்தளை’ என்று பொதுவாகப் பேசும்போது யாருடைய பாட்டி என்றும் கேட்டாக வேண்டும். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஜே.எச். ஹட்டன் இதைப் பதிவுசெய்திருக்கிறார். மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வீட்டில் புழங்கக் கூடாது என்பது அந்த எட்டில் ஒன்று. பெண்கள் மேலுடை அணியக் கூடாது, பூச்சூடக் கூடாது என்பவையும் அதில் இருந்தன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின. பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பு, பித்தளைக் குடம் கூடாது என்பது அவற்றில் ஒன்று. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. செட்டிநாட்டு மாளிகைகள் எழுந்த அதே மாவட்டம் அது, கூடத்தில் சாமான் பரப்பிய அதே காலம் அது. என் சன்னலோரம் பணச்செடி வளரும் பித்தளைக் குடம், ஒரு பெண்ணுக்குச் சீராக வந்த ஆண்டில் இன்னொரு பெண்ணுக்கு உயிர் போகும் குற்றமாக இருந்திருக்கலாம்.

அப்படியென்றால் பழைய பொருள் வாங்கக் கூடாதா என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். வாங்கலாம், வாங்குகிறேன் என்றேன். உருக்கு உலைக்குப் போவதைவிட நம் வீட்டுக்கு வருவது மேல். கொட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். ஆச்சிமார் தம் கையால் பின்னிய அந்தப் பனையோலைக் கூடை ஏறத்தாழ வழக்கொழியும் நிலையில் இருந்தது. விசாலாட்சி இராமசாமி போன்றவர்களின் முயற்சியால் கிராமத்துப் பெண்கள் அதைக் கற்று இன்று வருமானம் பெறுகிறார்கள். பழையதை மதிப்பதிலிருந்து புதிய வாழ்வாதாரமும் பிறக்க முடியும்.

என் வழக்கங்களைச் சொல்கிறேன். பளபளப்பைப் பார்த்து வாங்குவதில்லை. அடியில் தட்டிப் பார்ப்பேன், ஒட்டுப் போட்ட இடத்தைத் தேடுவேன், எடைக்கு என்ன விலை என்று கேட்டுப் பேரம் பேசுவேன். ஈயம் உதிர்ந்த பாத்திரத்தில் புளிப்புப் பண்டம் வைப்பதில்லை. ‘பேர் இருக்கேன்னு பாக்குறீங்களாம்மா? தேய்ச்சு எடுத்துத் தர்றேன்’ என்று ஒரு கடைக்காரர் சொன்னார். வாங்குபவர்கள் வேறொருத்தியின் பெயரை விரும்புவதில்லையாம். நான் பெயருள்ளதைத்தான் கேட்டு வாங்குகிறேன். வீட்டுக்கு வந்ததும் எழுத்தின்மேல் சுண்ணாம்புப் பொடி தடவிப் படித்து, ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன். இதுவரை பதினேழு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன.

இதற்குக் காசு செலவில்லை. பரணில் கிடப்பதை இறக்கி, அம்மாவையோ அத்தையையோ பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இது யார் கொடுத்தது, எத்தனை முறை அடகுக்குப் போனது, எது திரும்பவில்லை, யார் தேய்த்தார்கள், யார் வீட்டில் இது இருக்கக் கூடாது என்றார்கள்? பதில்களை எழுதிக்கொள்ளுங்கள். அதே நோட்டில் இன்னொரு பக்கத்தில், குடும்ப நிலத்தின் பட்டாவில் எந்தப் பெண்ணின் பெயராவது இருக்கிறதா என்று பார்த்து, அதையும் எழுதுங்கள். இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் படித்தால் உங்கள் வீட்டின் வரலாறு தெரியும்.