கூட்டு வாசிப்பு: ஊவாத் தோட்டங்கள்

எழுதி முடிக்காத கதையையோ கவிதையையோ பாட்டையோ சிறு வட்டத்தின் முன் வாசித்து, கேட்பவர் சொல்லும் குறைநிறைகளைக் கொண்டு திருத்தும் முறை கூட்டு வாசிப்பு. அரங்கேற்றத்துக்கும் இதற்கும் உறவுண்டு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசான் முன் அரங்கேறியதாகப் பாயிரம் கூறும். ஆனால் அவைக்கு வருவது முடிந்த நூல். வட்டத்துக்கு வருவது ஈரம் காயாத படி.

இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்துத் தேயிலை மலைகளில் இவ்வழக்கத்தின் வேரை ஏடுகளில் தேடுவதைவிடக் கொழுந்து நிரையில் தேடுவது நல்லது. ஆளுக்கொரு நிரை பிடித்து மேலேறும் பெண்களில் ஒருத்தி ஓர் அடியை எடுப்பாள். பக்கத்து நிரைக்காரி அதை வாங்கி, தன் பங்குக்கு ஒரு சொல்லை மாற்றிப் பாடுவாள். மனதில் ஒட்டாத அடி அடுத்த மலைக்குப் போகாது. ஒட்டியது போகும், போகிற இடத்தில் கங்காணி பெயரும் தோட்டத்தின் பெயரும் மாறிக்கொள்ளும். இப்பாட்டுகளுக்கு ஆசிரியர் பெயர் இல்லாததை ஒரு குறையாகச் சொல்வதுண்டு. அத்தனை பேர் கைபட்ட பாட்டுக்கு ஒரு பெயரை எப்படி இடுவது? மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) இவற்றைத் தேடித் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கினார். அவர் செய்திராவிட்டால் பெரும்பகுதி பாடியவர்களோடே போயிருக்கும்.

மாசியில் கம்பம் ஊன்றி ஆடும் காமன் கூத்திலும் ஊரே கேட்பவர், ஊரே திருத்துபவர். பதுளையிலிருந்து செங்கலடிக்கு இறங்கும் வீதியின் மறுமுனையில், மட்டக்களப்புக் கூத்தர்கள் அரங்கேற்றத்துக்கு முன் முழுக் கூத்தையும் ஒருமுறை ஆடிப் பார்ப்பதற்கு 'அடுக்குப் பார்த்தல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

தோட்டங்களில் தொழிற்சங்கம் எழுந்த காலத்தில், அதன் முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் தாம் கட்டிய பாட்டுகளைத் தாமே பாடினார். எழுத்தறியாதவர்களும் அங்கே இலக்கியத்தின் முதல் கேட்பாளர்கள் ஆனார்கள். எழுத்தறிந்தோரிடமும் அச்சுக்கு முன்னே வட்டம் இருந்தது: யாழ்ப்பாணத்தில் 1943இல் தோன்றிய மறுமலர்ச்சிச் சங்கத்தார் முதலில் கையெழுத்து ஏடு நடத்தி, 1946இல்தான் 'மறுமலர்ச்சி'யை அச்சிட்டனர்.

1960களில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் வீரகேசரி நாளிதழும் சேர்ந்து நடத்திய சிறுகதைப் போட்டிகள் தோட்டத்து இளைஞர்களை எழுத வைத்தன. பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' ஆயின. போட்டி பரிசு தரும். கதை எந்த இடத்தில் கால் இடறுகிறது என்று சொல்லாது. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் குறைந்த காலமும் அதுவே. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அடுத்த ஆண்டுகளில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

அக்காலத்தில் எழுத வந்த ஊவாவின் பெரும் எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் (1934–2022) பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளையில் பிறந்தவர். தாம் வேலைபார்த்த தோட்டத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன் சூடிக்கொண்டவர். 'காலங்கள் சாவதில்லை' நாவலும் 'நாமிருக்கும் நாடே' தொகுப்பும் தந்ததோடு, 'மலையகச் சிறுகதை வரலாறு' எழுதிச் சக எழுத்தாளர்களையும் பதிவுசெய்தார். 2013இல் விஷ்ணுபுரம் விருது பெற்றார்.

கூட்டு வாசிப்பை எழுத்துப் பட்டறை என்ற பாடநெறியாகவே ஆக்கியது அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம், 1936இல். அயோவா முறையில் படியைப் பற்றிப் பிறர் பேசும்போது எழுதியவர் வாய் திறப்பதில்லை.

தோட்டத்தில் அந்த மௌனம் இன்னும் அதிகம் பயன்படும். படியில் 'வருகைப் பதிவு' என்று வாசித்தால், கேட்டிருக்கும் கொழுந்துக்காரி "பிரட்டு" என்பாள். 'அரைநாள் சம்பளம்' என்றால், "அரைப்பேர்னு போடு" என்பாள். அன்றைய வேலைக்குப் பெயர் பதிவதே 'பேர்'. கொழுந்தின் நிறை குறைந்த நாளில் பேரில் பாதிதான் விழும். முழுப் பகலும் மலையில் நின்றிருந்தாலும்.