பெனிக் நெசவாளர் கழகம், 1761–1873: ஒரு கைவினைக் கணத்தின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1844ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், இங்கிலாந்தின் றொச்டேல் நகரிலே திறக்கப்பட்ட சிறு கடையொன்றிலிருந்தே தொடங்குவர். இருபத்தெட்டு முன்னோடிகள், அவர்கள் வகுத்த விதிகள், அவ்விதிகள் உலகெங்கும் பரவிய வகை என்றவாறு அவ்வரலாறு விரியும். அதற்கு முற்பட்ட செய்திகள் யாவும் றொபேட் ஓவன் என்னும் பெருமகனின் சிந்தனைக்குள் அடக்கப்பட்டுவிடும். அறிஞர் ஒருவரின் உள்ளத்திலே தோன்றிய கருத்து, காலம் கனிந்தபோது, உழைப்பாளரிடம் இறங்கி வந்தது என்பதே இவ்வாறு எழுதுவோர் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொண்டுள்ள எடுகோள். நாம் இங்கு ஆராயப் புகும் சான்று றொச்டேலுக்கு எழுபத்தைந்து ஆண்டுகள் முற்பட்டது. ஓவன் பிறந்த ஆண்டோ 1771. அவர் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, ஸ்கொட்லாந்தின் சிற்றூர் ஒன்றிலே கைத்தறி நெசவாளர் சிலர் தம் பொதுப் பணத்தைக் கொண்டு உணவுப் பொருள் வாங்கி விற்க முடிவு செய்தனர். இதனை மனங்கொள்ளும்போது மேற்கூறிய எடுகோள் ஆட்டங்காண்கிறது.

இவ்விடயத்தில் நமக்குள்ள அக்கறை பழம்பொருள் ஆய்வாளனின் அக்கறை மட்டுமன்று. இலங்கையிலே கூட்டுறவு 1911ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தின் வழி, அதாவது அரசின் கையால், மேலிருந்து வந்தது. நம் கிராமத்தவர் 'சங்கக்கடை' என்று வழங்கும் பண்டகசாலைகளும் இரண்டாம் உலகப் போர்க்காலத்து உணவுப் பங்கீட்டை ஒட்டியே பெருகின. ஆதலின் கூட்டுறவு என்றதும் பதிவாளர், பரிசோதகர், பங்கீட்டு அட்டை என்பனவே நம் நினைவுக்கு வருதல் இயல்பு. முற்போக்காளராகிய நாமும் அதனைச் சிறுமுதலாளித்துவச் சீர்திருத்தம் என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடப் பழகியுள்ளோம். ஒதுக்குவதற்கு முன்னர் அது எத்தகைய வாழ்நிலையில், எவ்வகை மனிதரின் கையிற் பிறந்தது என்பதைப் பார்த்தல் நன்று.

பெனிக், ஸ்கொட்லாந்தின் மேற்குப் பகுதியான ஏர்ஷயரில், கில்மார்னொக் நகருக்கு வடக்கே ஏறத்தாழ நான்கு மைல் தொலைவிலுள்ள ஊர். மன்னன் தேவாலயத்தின் தலைமையைக் கைக்கொள்ள முயன்றபோது 1638இல் எழுந்த 'உடன்படிக்கை' இயக்கம் ஆழ வேரூன்றிய பிரதேசங்களுள் இதுவும் ஒன்று. அவ்வியக்கத்தின் மறுமலர்ச்சிக் குருவாகப் போற்றப்பட்ட வில்லியம் கத்றி 1644 முதல் இவ்வூர்த் தேவாலயத்திற் பணியாற்றினார். இயக்கத்தின் படைத் தலைவருள் ஒருவரான யோன் பேற்றன் இப்பகுதியைச் சேர்ந்தவர், 1684இல் தூக்கிலிடப்பட்டவர். பலர் கூடி ஒரு பத்திரத்தில் ஒப்பமிட்டு, ஒருவர்க்கொருவர் உண்மையாயிருப்போம் என்று உறுதி பூணுவதும், அவ்வுறுதியை அரச ஆணையினும் மேலாகக் கொள்வதும் இம்மக்களுக்கு மூன்று தலைமுறைப் பழக்கமாகிவிட்டிருந்தன. சமய வடிவத்திலே தோன்றிய இப்பழக்கம் பின்னர்த் தொழில் வடிவம் பெற்றது என்பது நமது கருத்து.

1761 மார்ச் 14ஆம் நாள் பதினாறு பேர் ஒப்பமிட்ட சாசனத்துடன் பெனிக் நெசவாளர் கழகம் தோன்றிற்று. அச்சாசனத்தின் கருப்பொருள் எளிமையானது. உறுப்பினர் ஒருவர்க்கொருவர் நேர்மையாக நடத்தல் வேண்டும். தம்மிடம் வேலை தருவோர்க்குக் குறையற்ற துணியை நெய்து கொடுத்தல் வேண்டும். சுற்றுவட்டார ஊர்களில் வழங்கும் கூலியினும் கூடுதலாகவோ குறைவாகவோ வாங்கலாகாது. மேலோட்டமாக நோக்கினால் இவை மத்தியகாலக் கைவினைக் கணங்களின் விதிகளே. தரத்தைப் பேணுதல், விலையைக் கட்டுப்படுத்தல், போட்டியைத் தடுத்தல் என்பவற்றைத் தவிர வேறெதுவும் இங்கில்லை எனத் தோன்றும்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு, அதுவே முக்கியமானது. ஸ்கொட்லாந்தின் நகரங்களில் இயங்கிய நெசவாளர் கணங்கள் நகராட்சியின் சாசனம் பெற்றவை. கணத்தில் இல்லாதவன் நகர எல்லைக்குள் தறி போட முடியாது. அவனைத் தண்டிக்கும் அதிகாரம் கணத்திற்குச் சட்டப்படி உண்டு. பெனிக் வெறும் கிராமம். அங்குள்ள நெசவாளர்க்கு எந்த ஏகபோக உரிமையும் இல்லை; எந்த நீதவானும் அவர்களது விதியை அவர்களுக்காக நிறைவேற்றப் போவதில்லை. ஆகவே விலையைக் குறைத்து வேலை பிடிக்கும் ஒருவனை அவர்கள் தடுப்பதாயின், அவன் தங்களோடு சேர்ந்திருப்பதால் அவனுக்கு ஏதேனும் நன்மை இருந்தாக வேண்டும். சலுகையாற் காக்கப்பட்ட நகரக் கணம் தன் வாயிலை மூடிக்கொண்டு வாழ முடிந்தது. சலுகையற்ற கிராமக் கணமோ உறுப்பினர்க்குப் பயன் தரும் புதிய வழிகளைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. கழகத்தின் பிற்காலச் செயல்கள் யாவற்றுக்கும் மூலகாரணத்தை நாம் இங்குதான் காண்கிறோம்.

அவ்வழிகளுள் முதலாவது, பொதுப் பெட்டி. உறுப்பினரின் கட்டணம் அதிற் சேரும். இல்லாமைக்கு ஆளானோர்க்கு அதிலிருந்து உதவி செல்லும். இத்தகைய பெட்டிகள் அக்கால ஸ்கொட்லாந்திற் பல கணங்களிடமும் தேவாலயங்களிடமும் இருந்தன. அவ்வளவில் இது புதுமையன்று. 1769 நவம்பர் 9ஆம் நாள் எடுக்கப்பட்ட தீர்மானமே புதுமை. பெட்டியில் உள்ள பணத்தைக் கொண்டு தேவையான உணவுப் பொருள்களை வாங்கி, கழகத்தின் நன்மைக்காக விற்பதென அன்று முடிவாயிற்று. ஓட்ஸ் மா மூட்டையொன்றை நெசவாளர் யோன் வோக்கரின் வெள்ளையடித்த சிறு வீட்டினுள் இழுத்துச் சென்று, அதன் முன்னறையிலே விற்பனையைத் தொடங்கினர் என்று ஊர்மரபு கூறும். நுகர்வோர் கூட்டுறவு பற்றி எழுத்து வடிவில் எஞ்சியுள்ள மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக இத்தீர்மானம் இன்று கொள்ளப்படுகிறது.

ஏன் ஓட்ஸ் மா? அது அம்மக்களின் அன்றாட உணவு. களியாகவும் அப்பமாகவும் மூன்று வேளையும் அதுவே. அதன் விலை ஏறினால் நெசவாளனின் கூலி, எண்ணிக்கையில் மாறாதிருந்தும், வயிற்றளவில் குறைந்துவிடும். 1770களின் தொடக்கத்திலே ஸ்கொட்லாந்தின் பல துறைமுகங்களிலும் சந்தைகளிலும் மாவை வெளியே கொண்டுபோக விடாது மக்கள் மறித்துக் கலகம் செய்தனர். பெனிக் நெசவாளர் கலகம் செய்யவில்லை. மூட்டையாக வாங்கிப் பங்கிட்டனர். கலகக்காரரும் நெசவாளரும் எதிர்த்தது ஒரே பொருளாதார நிகழ்வையே. பாரம்பரியமான 'நியாய விலை' உடைந்து, தானியம் வெறும் பண்டமாக மாறிக்கொண்டிருந்தது. கூலியில் ஒருவரையொருவர் கீழறுக்கலாகாது என்று 1761இல் எழுதிவைத்தவர்கள், எட்டு ஆண்டுகளின் பின்னர், கூலியைக் காத்தால் மட்டும் போதாது என்பதைக் கண்டுகொண்டனர். உற்பத்தியாளன் என்ற நிலையில் நின்று தொடங்கிய கழகம் நுகர்வோன் என்ற நிலைக்கும் விரிந்தது இவ்வாறுதான். எந்தத் தத்துவ நூலும் அவர்களுக்கு வழிகாட்டவில்லை. மா மூட்டையின் விலை வழிகாட்டிற்று.

இவ்விடத்து ஒன்றைச் சொல்லாது விடுதல் தகாது. சாசனத்தில் ஒப்பமிட்டோர் யாவரும் ஆண்கள். அக்கால நெசவுக் குடும்பத்திலோ, இயந்திர நூற்பு வருமுன், நூலை நூற்றவர்கள் பெண்கள். தறியில் இருப்பவனுக்கு ஊடை நூலைச் சுற்றிக் கொடுத்தவர்கள் மனைவியரும் பிள்ளைகளும். மாவின் விலையை அன்றாடம் அறிந்தவர்களும் அவர்களே. 'கழகத்தின் நன்மை' என்ற தொடரைப் படிக்கும்போதெல்லாம் அந்நன்மையை ஈட்டிய கைகளுட் பாதிக்கு அங்கே பெயரில்லை என்பதையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

1764ஐ ஒட்டித் தோன்றிய 'ஜெனி' நூற்புப் பொறியும் 1769இல் காப்புரிமை பெற்ற ஆர்க்றைற்றின் நூற்பு இயந்திரமும் நூலை மலிவாக்கிப் பெருக்கின. நூல் பெருகியது, நெய்யும் கைகள் போதவில்லை. நூற்றாண்டின் இறுதிவரை நீடித்த இக்காலமே கைத்தறியாளரின் பொற்காலம் எனப்படுவது. கிளாஸ்கோவையும் பெய்ஸ்லியையும் சூழ்ந்த பிரதேசம் மெல்லிய பருத்தித் துணியான மஸ்லினுக்குப் பேர்பெற்றது. மஸ்லின் இந்தியத் துணி. பெய்ஸ்லியின் புகழ்பெற்ற சால்வையும் காஷ்மீரச் சால்வையின் போலியே. இந்தியப் பருத்தித் துணியின் இறக்குமதியையும் பயன்பாட்டையும் 1700, 1721 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாற் பிரித்தானியப் பாராளுமன்றம் தடுத்தும் கட்டுப்படுத்தியும் வந்த வரலாற்றோடு சேர்த்தே இதனைக் காணவேண்டும். சோழமண்டலக் கரையின் நெசவாளனும் ஏர்ஷயரின் நெசவாளனும் ஒருவரையொருவர் அறியார். ஆனால் இருவரையும் ஒரே சந்தை பிணைத்திருந்தது.

இலக்கிய மாணவர்க்கு இக்காலம் வேறொரு வகையிலும் சுவையானது. றொபேட் பேர்ன்ஸின் முதற் கவிதைத் தொகுதி 1786இல் அச்சேறியது பெனிக்கிற்கு அண்மையிலுள்ள கில்மார்னொக்கில். பெய்ஸ்லியின் றொபேட் தனகில் தறியில் இருந்துகொண்டே பாட்டுக் கட்டியவர். அவ்வூரவரான அலெக்சாண்டர் வில்சனும் நெசவாளரே. முதலாளியரை எள்ளிப் பாடியதற்காகச் சிறை சென்று, 1794இல் அமெரிக்கா போய்ப் பறவையியலறிஞராகப் புகழ்பெற்றவர். தறி ஒரு வகையில் வாசிப்புக்கும் சிந்தனைக்கும் இடந்தந்த தொழில். வேலை நேரத்தை நெசவாளனே வகுத்தான். தறிக்கொட்டிலில் நால்வர் கூடிப் பேசத் தடையில்லை. பெனிக்கில் 1808இல் நூலகம் ஒன்று அமைந்தது. மாவை மொத்தமாக வாங்கியவர்கள் நூலையும் மொத்தமாக வாங்கினர். இரண்டுக்கும் தருக்கம் ஒன்றே. தனியொருவனால் வாங்க முடியாத புத்தகம் ஊருக்குப் பொதுவானால் வாங்கத்தக்கது. 1834 முதல் 1842 வரை அங்கு இயங்கிய 'அறிவு வளர்ச்சிக் கழக'மும் அதன் விவாதக் குறிப்புகளும் இம்மரபின் தொடர்ச்சியே.

அந்த 1834க்குள் நிலைமை முற்றிலும் மாறிவிட்டிருந்தது. 1812இல் ஸ்கொட்லாந்தின் நெசவாளர், பழைய சட்டத்தின்படி கூலியை நிர்ணயிக்குமாறு நீதிமன்றத்தை நாடி வென்றனர். முதலாளியர் அக்கூலியைக் கொடுக்க மறுத்தபோது ஏறத்தாழ 40,000 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். தலைவர்கள் சிறையிலிடப்பட்டனர். அடுத்த ஆண்டே கூலி நிர்ணயச் சட்டப்பிரிவுகள் நீக்கப்பட்டன. 1820இல் மேற்கு ஸ்கொட்லாந்திலே எழுந்து அடக்கப்பட்ட கிளர்ச்சியில் மூவர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் நெசவாளரும் உளர். 1813இல் பிரித்தானியாவில் விசைத்தறிகள் ஏறத்தாழ 2,400, 1833இல் 100,000. கைத்தறியாளர்க்குக் குறைந்தபட்சக் கூலி வேண்டி முன்வைக்கப்பட்ட மசோதாவை 1835இல் பாராளுமன்றம் நிராகரித்தது. அயலூர்க் கூலியினும் குறைத்து வாங்கோம் என்ற 1761இன் உறுதிமொழி இப்போது என்ன செய்யும்? போட்டியாளன் அயலூரான் அல்லன். அவன் நீராவியால் இயங்கினான்.

இந்நிலையில்தான் 1839ஆம் ஆண்டு பெனிக்கிலே குடிபெயர்வுக் கழகம் உருவாயிற்று. பெட்டி, கட்டணம், தீர்மானம் என்ற அதே முறைகள். நோக்கமோ ஊரைவிட்டு வெளியேறல். ஒழுங்காகவும் ஒருவர்க்கொருவர் துணையாகவும், தம் மரபுக்கேற்பக் கூட்டாகவே அவர்கள் வெளியேறத் திட்டமிட்டனர். கூட்டுறவாளர் எழுதும் புகழுரைகள் இதனைக் கழகத்தின் மேலுமொரு நற்பணி என்று பட்டியலிட்டுச் செல்லும். நாம் அவ்வாறு செல்ல முடியாது. ஒரு தொழிற் கழகம் தன் உறுப்பினர்க்குச் செய்யக்கூடிய கடைசி உதவி அவர்களைக் கப்பலேற்றுவது என்றானால், அது அக்கழகத்தின் வெற்றி அன்று. நூலும் சந்தையும் வணிக முதலாளியிடம் இருக்க, மாவை மலிவாகப் பங்கிட்டமை நெசவாளனின் வாழ்வைச் சிறிது காலம் தாங்கிற்று. உற்பத்தி உறவை அது தொடவில்லை. மேலும், ஏர்ஷயரில் நிலமற்றிருந்தவன் கடல்கடந்து சென்று பெற்ற நிலம் எவருடையது என்ற வினாவும் உண்டு. குடியேற்ற நாடுகளிலே அவ்வாறு பகிரப்பட்ட நிலத்தில் ஏற்கெனவே மக்கள் வாழ்ந்தனர். பெனிக்கில் 1860இல் கைத்தறியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஜோர்ஜ் போல்ட்ஸ் 1885இல் நியூசிலாந்து சென்று, 1906இல் அந்நாட்டின் கல்வி அமைச்சரானார். தனிமனித நிலையில் அது பெருமைக்குரிய கதை. மாவோரி மக்களின் நிலையிலிருந்து அக்கதையைத் தொடங்கினால் அது வேறொரு கதை.

இவ்வாறு கூறுவதால் கழகத்தை நாம் குறைத்து மதிப்பதாகக் கொள்ளலாகாது. 1864இல் அகிலத்தின் தொடக்க உரையை எழுதிய மாக்ஸ், கூட்டுறவுத் தொழிற்சாலைகளை முதலாளியின்றியும் பெரும் உற்பத்தி இயலும் என்பதற்கான நடைமுறைச் சான்றாக வரவேற்றார். அதே மூச்சில், தனித்தனி உழைப்பாளரின் இடையிடை முயற்சியாக நிற்கும்வரை அது ஏகபோகத்தின் வளர்ச்சியைத் தடுக்காது என்றும் எச்சரித்தார். பெனிக் நெசவாளர் கட்டியது தொழிற்சாலை அன்று, ஒரு பெட்டியும் ஒரு முன்னறையுமே. ஆயினும் பாராட்டு, எச்சரிக்கை இரண்டும் அவர்களுக்கும் பொருந்தும். இருபத்தெட்டு றொச்டேல் முன்னோடிகளிலும் நெசவாளர் இருந்தனர். அவர்கள் கடை திறந்ததும் அந்நகர நெசவாளரின் கூலிப் போராட்டம் ஒன்று தோற்ற பின்னரே. தொழிற் போராட்டத்தின் தோல்வியிலும் கைவினையின் தளர்ச்சியிலும் கூட்டுறவு மீண்டும் மீண்டும் பிறந்திருக்கிறது. பெனிக்கில் மட்டும் அது தளர்ச்சிக்கு முன்னரே, தறிகள் நன்றாக ஓடிய காலத்திலேயே பிறந்தது. அதனாற்றான் அதனைத் தனித்து நோக்க வேண்டும் என்கிறோம்.

1873இல் கழகம் கலைக்கப்பட்டது. நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் அது நின்று நிலவியது. அதன் பழைய ஏடுகள் எடின்பரோவிலுள்ள ஸ்கொட்லாந்துத் தேசிய நூலகத்திற் பேணப்படுகின்றன. ஊரின் நெசவு வரலாற்றைத் திரட்டிப் பதிவு செய்வதற்கென 2008இல் பெனிக்கில் அதே பெயர் தாங்கிய கூட்டுறவுச் சங்கமொன்று அமைந்தது. ஆனால் அது அமைந்தபோது அவ்வூரில் நெசவைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் எவையும் இருக்கவில்லை.