பாட்டன், தந்தை, மகன்



எங்கள் வானொலியின் மூன்று சிறிய சேர்வர்களுக்கு நாடாப் பிரதி எடுக்கும் ஒழுங்கை வகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவற்றில் இருப்பவை எங்கள் முதியவர்களின் குரல்கள். பேசியவர்களில் பலர் இன்று எம்மோடு இல்லை.

கணினிக்குக் காந்த நாடா புதிதல்ல. ஐ.பி.எம். நிறுவனம் தன் 726 நாடாக் கருவியை அறிவித்தது 1952இல். அக்காலத்தில் பழைய நாடாவை வாசித்து, திருத்தங்களைச் சேர்த்து, வேறொரு நாடாவில் எழுதுவார்கள். புதியது மகன், முந்தியது தந்தை, அதற்கும் முந்தியது பாட்டன். மகன் பழுதானால் தந்தையிடமிருந்து மீட்கலாம். ஒரே நாடாவில் திரும்பத் திரும்ப எழுதினால், இன்றைய பிழை நேற்றைய நல்ல பிரதியையும் அழித்துவிடும்.

அந்த முறையையே நானும் எடுத்துக்கொண்டேன். திங்கள் முதல் வியாழன் வரை 4 நாடாக்கள். வெள்ளிக்கிழமைகளுக்கு 4. மாதத்தின் கடைசி வெள்ளிக்கு மட்டும் தனி நாடா; அப்படி ஆண்டுக்கு 12. மொத்தம் 20. மாத நாடாக்கள் வேறு ஊரில் உள்ள அங்கத்தவர் ஒருவரின் வீட்டுக்குப் போகும்.

"ஏன் வேறு ஊர்?" என்று சிலர் கேட்டார்கள். 1981 யூன் முதலாம் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. கட்டடத்தைத் திரும்பக் கட்டினோம். வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் திரும்பவில்லை.

பிரதி எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒரு நாடாவை மீட்டு, குரல் கேட்கிறதா என்று பார்க்கிறோம். உங்கள் வீட்டிலும் அம்மம்மாவின் குரல் பதிந்த கசெற் இருந்தால், ஒரு பிரதியைச் சகோதரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.